பதினோரு மணி அருவி

அருவி நன்றாக இருக்குமா என்று கேட்டீர்கள். ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம் அக்கா, ஆனால் அது சரியான பதிலாக இருக்காது. இப்போது மணி ஒன்பது ஐம்பது. இந்த பஸ் மேலே போய்ச் சேரும்போது பத்தே முக்கால் ஆகும். படி இறங்கக் கால் மணி நேரம். அப்படியானால் உங்களுக்கு அருவி நன்றாக இருக்கும். மதியத்துக்கு மேல் போகிறவர்களுக்கு இருக்காது. ஏன் என்று சொல்கிறேன்.

வளைவு ஆரம்பித்துவிட்டது, பாருங்கள். இருபத்தாறு கொண்டை ஊசி வளைவு. பேசாமல் உட்கார்ந்தால் எனக்கு வாந்தி வரும். பேசிக்கொண்டே போனால் வராது. உங்களுக்குத் தூக்கம் வந்தால் தூங்குங்கள், நான் தப்பாக நினைக்க மாட்டேன். உங்கள் வீட்டுக்காரர் முன்னால் உட்கார்ந்தே தூங்கிவிட்டார் போல.

என் பெயர் கோகிலவாணி. சேலத்தில் ஒரு கம்பெனியில் வேலை. காப்பீட்டுக்கு விண்ணப்பிக்கிறவர்கள் எழுதித் தருவதும் அவர்களுடைய ஆவணத்தில் இருப்பதும் ஒன்றா என்று சரிபார்ப்பது என் வேலை. ஓர் எழுத்து மாறினாலும் திருப்பி அனுப்பிவிடுவேன். நாலு வருடத்தில் என் பக்கம் தவறு வந்தது ஒரே ஒருமுறை. ஒரு முத்துச்சாமிக்கு ‘ச்’ விட்டுப்போனது. அதற்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை எனக்கு. இதை ஏன் சொல்கிறேன் என்றால், நான் சொல்வதில் பொய் இருக்காது. அது எனக்கு வராது.

என் அப்பா பெயர் பெரியண்ணன். எங்கள் ஊராட்சியில் மேல்நிலைத் தொட்டி ஆபரேட்டர். காலையில் ஆறு மணிக்கு மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்பி, தெருத் தெருவாக வால்வு திறந்துவிட்டு, எட்டரைக்கு மூடுவார். மறுபடி சாயங்காலம் நாலு மணிக்கு. இருபத்திரண்டு வருடம் அக்கா. ஊரில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். தண்ணிக்காரர். ‘தண்ணிக்காரரே, எங்க தெருவுக்கு இன்னைக்கு ஏன் நூல் மாதிரி வருது?’ ‘தண்ணிக்காரர் பொண்ணு காலேஜ் போகுது.’ ஊருக்குள் அது மரியாதையான பெயர்தான். ஆனால் வெளியூர்க்காரர்கள் காதில் அது எப்படி விழும், நீங்களே சொல்லுங்கள். அப்பா ஒரு சொட்டு தொட்டதில்லை.

வால்வுக்குப் பக்கத்தில் நிற்கிறவருக்குத் தெருவின் கடைசி வீட்டில் தண்ணீர் வருகிறதா என்று தெரியாது. தெருமுனையில் யாராவது நின்று கை காட்ட வேண்டும். மணிக்கட்டைத் திருப்பினால் இன்னும் திற. உள்ளங்கையை விரித்துக் காட்டினால் போதும். யாரும் காட்டாவிட்டால் அப்பா மூட மாட்டார். இரண்டு கையையும் தூக்கித் தூக்கி, போதுமா, போதுமா என்று கேட்டுக்கொண்டே இருப்பார். காலேஜ் சேர்ந்து ஹாஸ்டல் போகும்வரை எங்கள் தெருவுக்குக் கை காட்டினது நான்தான். இது எதற்கு என்று பிறகு தெரியும்.

நவநீதன் ஆபீஸில் எனக்கு இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்கிறவர். நல்லவர். அதிகம் பேச மாட்டார். அவருடைய அப்பா தணிகாசலம் மாமா ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர். அம்மா சகுந்தலா அத்தை. ஆத்தூரில் சொந்த வீடு. சாதி, சொந்தம், ஜாதகம் எல்லாம் விசாரித்தாயிற்று, அதில் ஒரு குறையும் இல்லை. ஒருநாள் அத்தை போனில் கேட்டார்கள்.

“அப்பா என்ன பண்றாரும்மா?”

“குடிநீர்ப் பக்கம் அத்தை.”

“ஓ, வாரியமா? நல்லதும்மா.”

வாரியம் என்ற சொல்லை நான் சொல்லவில்லை அக்கா. அவர்கள்தான் சொன்னார்கள். அந்த நேரம் பார்த்து லைனில் இரைச்சல் வேறு. முதல் பட்டதாரி சான்றிதழுக்கு விண்ணப்பித்தபோது, தந்தையின் தொழில் என்ற இடத்தில் உள்ளதை உள்ளபடி எழுதினவள் நான். அங்கே எழுத்துப்பூர்வமாகக் கேட்டார்கள். இங்கே வாய்ப்பேச்சு. இரண்டும் ஒன்றாகிவிடுமா?

பெண் பார்க்க வீட்டுக்கு வருகிறோம் என்றார்கள். எங்கள் வீடு தொட்டிக்கு அடியிலேயே இருக்கிறது. மோட்டார் ரூமுக்கும் வீட்டுக்கும் ஒரே சுவர். அதனால் முதலில் ஏதாவது பொது இடத்தில் பார்க்கலாமே என்றேன். அத்தை கோயில் என்றார்கள். எங்கள் பக்கத்துக் கோயிலில் எந்த நாளும் எங்கள் ஊர் ஆள் நாலு பேர் நிற்பார்கள், தண்ணிக்காரரே என்று ஓடி வருவார்கள். கோயில் கூட்டமாக இருக்கும் அத்தை, அருவிக்குப் போகலாம் என்றேன். குருவிப்பாறை அருவி. நெட்டில் படம் பார்த்திருந்தேன். பாறையே தெரியாமல் வெள்ளையாகக் கொட்டுகிற படம். அந்தப் படத்தை அத்தைக்கும் அனுப்பினேன். “அழகா இருக்கும்மா, இங்கயே பார்த்துடலாம்” என்றார்கள்.

அப்பா இருபத்திரண்டு வருடத்தில் ஒருநாள் லீவு போட்டதில்லை. அம்மாவுக்கு வால்வு எல்லாம் தெரியும். அப்பாவுக்குக் காய்ச்சல் வந்தால் அம்மாதான் திறப்பார்கள். ஆகவே அன்றைக்கு அம்மா தண்ணீர் திறக்க, அப்பா மட்டும் என்னோடு வருவது என்று முடிவாயிற்று. மாப்பிள்ளை வீட்டாரிடம், எங்கள் அம்மாவுக்கு மலைப்பாதை பஸ் ஒத்துக்காது என்று சொன்னேன். அவர்கள் அப்படியானால் நம் காரிலேயே வரட்டுமே என்றார்கள். அப்பாவுக்குக் கார் ஒத்துக்காது என்று சொன்னேன். கார் எங்கள் தெருவுக்குள் வந்தால் தொட்டியில் முட்டித்தான் நிற்கும். வேறு வழி இல்லை.

அப்பாவுக்கு ஒரே ஒரு வாக்கியம் சொல்லிக் கொடுத்தேன். ‘குடிநீர் பராமரிப்புப் பிரிவு.’ நன்றாக யோசித்துத்தான் எழுதினேன். குடிநீர் உண்மை. பராமரிப்பு உண்மை. பிரிவு என்பது பொதுவான சொல்.

“பிரிவா? நம்ம ஊராட்சி ஆபீஸ்ல பிரிவுன்னு ஒண்ணும் இல்லையே பாப்பா” என்றார்.

“இருக்குப்பா. எழுதி வைக்கலை, அவ்வளவுதான்.”

அப்பா ஒரு வாரம் சொல்லிப் பார்த்தார். பராமரிப்புப் பிரிவு அவர் வாயில் நிற்கவில்லை. ஒரு ‘ப்’ கூடும், இல்லாவிட்டால் குறையும். காலையில் மோட்டாரைப் போட்டுவிட்டு நின்று முணுமுணுப்பார். அம்மா சிரிப்பார்கள். “என்னங்க, மோட்டாருக்கு மந்திரம் சொல்றீங்களா?”

போன மாதம் ஒரு சனிக்கிழமை. நான் பத்து மணிக்கே வந்துவிடலாம் என்று சொல்லிப் பார்த்தேன். சனிக்கிழமை ஒன்பதிலிருந்து பத்தரை ராகு காலம், பத்தரைக்குமேல்தான் வீட்டை விட்டுக் கிளம்புவோம் என்றார்கள் அத்தை. அதிலும் தவறு இல்லை. அதனால் நானும் அப்பாவும் இதற்கு அடுத்த பஸ்ஸில்தான் வந்தோம். அதோ, அந்த மாதிரி டிரைவருக்குப் பின் சீட். அப்பா புது வேட்டி கட்டியிருந்தார். அவர்கள் கார் வந்து, படி இறங்கி, நாங்கள் ஐந்து பேரும் அருவிக்கு எதிரில் போய் நின்றபோது பன்னிரண்டே முக்கால்.

பாறை நனைந்திருந்தது அக்கா. அவ்வளவுதான். நடுவில் ஒரு ரிப்பன் அகலத்துக்குத் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. கீழே முழங்கால் அளவு குட்டையில் பிளாஸ்டிக் பாட்டில் ஒன்று சுற்றிச் சுற்றி மிதந்தது. கைப்பிடிக் கம்பி, உடை மாற்றும் அறை, ‘அபாயம், ஆழமான பகுதி’ என்று ஒரு பலகை.

தணிகாசலம் மாமா பலகையைப் படித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார். “எழுத்து நல்லாத்தான் இருக்கு. பலகைதான் அருவியை விடப் பெருசு.”

“எங்க வீட்டுத் தொட்டி நிரம்பி வழிஞ்சாக்கூட இதைவிட நல்லாக் கொட்டுமே” என்றார்கள் அத்தை. அவர்கள் குளிப்பதற்குத் துண்டு, மாற்றுப் புடவை, மஞ்சள் எல்லாம் ஒரு பையில் கொண்டு வந்திருந்தார்கள். அந்தப் பையை நவநீதன் தோளில் மாட்டிக்கொண்டு நின்றார். படம் அனுப்பியது நான். படத்தில் இருப்பதும் எதிரில் இருப்பதும் ஒன்றில்லை. என் வேலையில் இப்படி ஒன்று வந்தால் நானே திருப்பி அனுப்பிவிடுவேன்.

அப்பா மட்டும் பாறைக்குக் கிட்டத்தில் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தார். கையால் தடவினார். பாசியில் விரல் வைத்து உயரம் அளந்தார். பிறகு என்னிடம் வந்து, “ஈரம் காயலை பாப்பா. இப்ப ஒரு மணி நேரத்துக்கு முன்னாடி இவ்வளவு அகலத்துக்கு விழுந்திருக்கு. மேல யாரோ அடைச்சிருக்காங்க” என்றார். அவர் முகம் அவ்வளவு தெளிச்சியாக இருந்தது.

“அப்பா, வேலைப் பேச்சு வேண்டாம்ப்பா” என்றேன் மெதுவாக.

அந்த நேரத்தில்தான் மாமா கேட்டார். “நீங்க வாரியத்துல எந்தப் பிரிவுங்க?”

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு ஒரே மூச்சில், “குடிநீர் பராமரிப்புப் பிரிவுங்க” என்றார். ஒரு ‘ப்’ கூடக் குறையவில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது, பொய் சொல்லக் கூடாது.

“அப்போ உதவிப் பொறியாளருக்குக் கீழயா வருவீங்க?”

இது நாங்கள் தயார் செய்யாத கேள்வி. அப்பா கொஞ்சம் யோசித்தார். “எல்லாருக்கும் கீழதாங்க” என்றார்.

மாமா சத்தமாகச் சிரித்தார். “பாரு சகுந்தலா, என்ன அடக்கம்!”

ஆனால் அத்தை சிரிக்கவில்லை. அவர்கள் இன்னும் அருவியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குரலைத் தாழ்த்தி மாமாவிடம் சொன்னார்கள், எல்லோருக்கும் கேட்கிற அளவுக்குத் தாழ்த்தி. “எனக்கு மனசே சரியில்லைங்க. முதன்முதல்ல பொண்ணு பார்க்க வந்த இடத்துல தண்ணி வத்திக் கிடக்குது. கிளம்பலாம். வீட்டுக்குப் போய் யோசிச்சுச் சொல்லிக்கலாம்.”

யோசித்துச் சொல்கிறோம் என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியாதா? மூன்று வருடமாக நவநீதன் மனதுக்குள் வைத்திருந்து, ஆறு மாதம் வீட்டில் பேசி, ஒரு வழியாக அங்கே கொண்டு வந்து நிறுத்தியிருந்தார். ஒரு ரிப்பன் தண்ணீரால் அது போய்விடும்போல் இருந்தது. நான் நவநீதனைப் பார்த்தேன். அவர் பையைப் பார்த்தார். “அம்மா, சாப்பிட்டுட்டுக் கிளம்பலாம்மா” என்றார். அவ்வளவுதான் அவரால் முடிந்தது.

புளிசாதத்தைப் பிரித்து உட்கார்ந்தோம். அப்போதுதான் கவனித்தேன், அப்பாவைக் காணவில்லை.

“எங்கம்மா உங்கப்பா?”

“இங்கதான் அத்தை, காத்து வாங்கப் போயிருப்பார்.”

“சாப்பிடற நேரத்துலயா?” என்றார்கள். நான் மாமாவுக்கு இன்னும் கொஞ்சம் புளிசாதம் வைத்தேன். பெண்ணைக் காட்ட வந்த இடத்தில் பெண்ணின் அப்பா சொல்லாமல் எழுந்து போனால், நீங்கள் என்ன நினைப்பீர்கள்? எனக்குக் கோபம்தான் வந்தது. ஒரு நாள், ஒரே ஒரு நாள், நான் சொன்ன இடத்தில் அவரால் நிற்க முடியாதா என்று.

அரை மணி நேரம் இருக்கும். மாமா தயிர் சாதத்துக்கு வந்திருந்தார். முதலில் ஒரு சத்தம், லாரி வருவதுபோல. பிறகு மேலே பாறையின் விளிம்பு வெள்ளையாயிற்று. அடுத்த நிமிடம், அக்கா, நெட்டில் இருந்த படம் அப்படியே எதிரில் வந்து நின்றது. பாறையே தெரியவில்லை. சாரல் இலைமேல் எல்லாம் தெளித்து, தயிர் சாதம் நனைந்து, அத்தை எழுந்து சின்னப் பெண் மாதிரி கத்தினார்கள். “ஏங்க! ஏங்க! பாருங்க!” கையைக்கூடக் கழுவாமல் புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு போய் நின்றுவிட்டார்கள். மாமா சட்டையைக் கழற்றினார். அங்கே இங்கே உட்கார்ந்திருந்த பத்துப் பதினைந்து பேரும் ஓடி வந்துவிட்டார்கள். அத்தை என் கையைப் பிடித்து இழுத்து உள்ளே நிறுத்தி, மஞ்சளை எடுத்து என் முகத்தில் பூசினார்கள். “நல்ல நேரம்டி கண்ணு உனக்கு” என்றார்கள். அதுவரை என்னை வாங்க போங்க என்றுதான் பேசினார்கள்.

அப்போதுதான் அத்தை மேலே காட்டினார்கள்.

“ஏங்க, அங்க பாருங்க. உச்சியில எவனோ நிக்கிறான்.”

பாறைக்கு மேலே, விளிம்புக்குப் பக்கத்தில், ஒரு ஆள். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். முழங்கால் வரை சேறு. இரண்டு கையையும் தூக்கித் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தார். பின்னால் இன்னொரு ஆள் நின்று ஏதோ கத்தினார். அருவிச் சத்தத்தில் ஒரே ஒரு சொல்தான் கீழே வந்தது. “தண்ணிக்காரரே!”

“தண்ணியைப் போட்டுட்டு வந்து ஆடறானுங்க” என்றார்கள் அத்தை. “டூரிஸ்ட் இடம்னாலே இந்தக் கருமம்தான்.”

“விழுந்து தொலைக்கப் போறான், குடிகாரப் பய” என்றார் மாமா. அத்தை என்னைப் பார்த்தார்கள். “குடிகாரன்தானேம்மா?”

“இருக்கலாம் அத்தை” என்றேன்.

இருக்கலாம் என்றுதான் சொன்னேன் அக்கா. ஆமாம் என்று சொல்லவில்லை. அந்தத் தூரத்தில் முகம் சரியாகத் தெரியாது. கண்ணாடியைக் கழற்றி வைத்திருந்தேன், சாரல். கைதான் தெரிந்தது. அந்தக் கை ஆடுகிற விதம் தெரிந்தது. ஆனால் கையை வைத்து ஒருவரை இன்னார் என்று உறுதியாகச் சொல்ல முடியுமா? எங்கள் ஆபீஸில் அதை ஏற்றுக்கொள்ள மாட்டார்கள்.

இன்னும் மேலே வந்து சேரவில்லையா? பதினெட்டாவது வளைவுதானா? சரி.

மேலே ஒரு தடுப்பணை இருக்கிறது. வெயில் காலத்தில் அதன் ஷட்டரை இறக்கித் தண்ணீரைத் தேக்கி வைத்திருப்பார்கள். சனி, ஞாயிறு, லீவு நாளில் மட்டும் பதினோரு மணிக்குத் திறந்து பன்னிரண்டுக்கு மூடுவார்கள். இன்றைக்கு லீவு நாள், அதனால் திறப்பார்கள். மேலே இருக்கிற எல்லோருக்கும் தெரியும். டீக்கடையில் கேட்டால் பதினோரு மணி அருவி என்றே சொல்வார்கள். ஷட்டர் திறக்கிறவர் பெயர் ஆண்டியப்பன். இதெல்லாம் பிறகு அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அப்பா ஈரத்தைப் பிடித்துக்கொண்டே மேலே ஏறிப் போயிருக்கிறார், படியில்கூட இல்லை, புதருக்குள். அங்கே ஆண்டியப்பன் சாப்பிட்டுக்கொண்டிருந்தாராம். நேரம் முடிஞ்சுது, இனி நாளைக்குத்தான் என்றாராம். அப்பா சொன்னாராம், “நானும் தண்ணி திறந்துவிடுறவன்தாங்க. இருபத்திரண்டு வருஷம். எங்க ஊர்ல தண்ணிக்காரன்னுதான் பேரு. கீழ என் பொண்ணைப் பார்க்க வந்திருக்காங்க.” ஆண்டியப்பன் இலையை மடித்துவிட்டு எழுந்தாராம். “கால் மணி நேரம்தான் தண்ணிக்காரரே” என்றாராம். ஷட்டர் துருப்பிடித்து இறுகியிருக்கிறது. இரண்டு பேரும் சேர்ந்து சக்கரத்தைச் சுற்றியிருக்கிறார்கள்.

கால் மணி என்றது முக்கால் மணி ஓடியது. அப்பா அவ்வளவு நேரமும் விளிம்பில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். கீழே இருந்து யாரும் போதும் என்று காட்டவில்லை.

பிறகு தண்ணீர் சின்னதாகி நின்றது. கொஞ்ச நேரம் கழித்து அப்பா படி வழியாக இறங்கி வந்தார். குழாயில் கால் கழுவியிருந்தார். வேட்டி ஓரத்தில் சேறு போகவில்லை. அத்தை தலையைத் துவட்டிக்கொண்டே ஓடி வந்தார்கள்.

“எங்க போயிட்டீங்க சம்பந்தி? அருவியைப் பார்க்காம விட்டுட்டீங்களே!”

சம்பந்தி என்றார்கள் அக்கா. அவர்கள் வாயால். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் ஆறு மாதம்.

“பரவால்லைங்க. சத்தம் கேட்டேன்” என்றார் அப்பா.

“மேல ஒரு குடிகாரன் நின்னு என்னா ஆட்டம் ஆடினான் தெரியுமா? எங்களுக்குப் பயமாப் போச்சு. உங்க பொண்ணுகூடப் பார்த்தா. ஏம்மா?”

அப்பா என்னைப் பார்த்தார். நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

“அப்படிங்களா?” என்று சிரித்தார். “நான் கவனிக்கலைங்க.”

எவ்வளவு சமயோசிதம் பாருங்கள். ஏழாவதோடு படிப்பை நிறுத்தினவர்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆத்தூரில் நிச்சயதார்த்தம், பத்தரை முதல் பன்னிரண்டு. நவநீதன் மட்டும் மறுநாள் ஆபீஸில் கேட்டார். “மேல கை காட்டினது உங்கப்பாதானே?” எனக்குத் தெரியலை என்றேன். சரி என்றார். அதிலிருந்து என்னிடம் அவர் எதையும் கேட்பதில்லை. புடவை நிறம், மண்டபம், சாப்பாடு, எதைச் சொன்னாலும் சரி என்கிறார். நல்ல சுபாவம்.

பிரச்சினை அப்பாதான். நிச்சயத்துக்கு வர முடியாது என்கிறார்.

கோபமாகச் சொல்லவில்லை. அவருக்குக் கோபமே வராது. “தண்ணி திறக்கணுமே பாப்பா” என்கிறார். எட்டரைக்குக் காலைத் தண்ணீர் முடிந்துவிடும், அடுத்தது நாலு மணிக்குத்தான், நடுவில் ஏழரை மணி நேரம் இருக்கிறது, ஆத்தூர் போய்வர மூன்று மணி நேரம் போதும் என்று பேப்பரில் எழுதிக் காட்டினேன். பார்த்தார். “மோட்டார்ல ஏதோ சத்தம் வருது. விட்டுட்டு வரக்கூடாது” என்கிறார். நான் காது வைத்துக் கேட்டேன். எனக்கு எந்தச் சத்தமும் கேட்கவில்லை. அன்றைக்கு மாதிரி நான் இருந்து பார்த்துக்கொள்கிறேன் என்றார்கள் அம்மா. “பொண்ணைப் பெத்தவ நீ போய் நில்லு. அவங்க உன்னைப் பார்த்ததில்லையே” என்கிறார். யாராவது கேட்டால் பராமரிப்புப் பிரிவில் அவசர வேலை என்று சொல்லிவிடச் சொல்கிறார். அந்த வாக்கியத்தை இப்போது தடுமாறாமல் சொல்கிறார்.

எங்கள் தெருவுக்கு முன்பெல்லாம் அவர் வால்வைத் திறந்துவிட்டு நான் நிற்கிற தெருமுனையைத்தான் பார்ப்பார். போன வாரம் நான் ஊரில் இருந்தேன். தெருமுனையில் போய் நின்றேன். எதிர்வீட்டுப் பாக்கியத்தைக் கூப்பிட்டுக் கை காட்டச் சொன்னார். “நீ உள்ள போ பாப்பா, வெயில்” என்றார். காலை ஆறரை மணி அக்கா. என்ன வெயில்?

என்னிடம் அதிகம் பேசாதவர் ஆண்டியப்பனிடம் மட்டும் தினமும் போனில் பேசுகிறார். ஷட்டர் சக்கரத்துக்கு என்ன கிரீஸ் போடுவது, பாசி எப்படி எடுப்பது, அதே பேச்சு. சிரிக்கக்கூடச் செய்கிறார். அன்றைக்கு முக்கால் மணி நேரம் திறந்து வைத்ததற்கு ஆண்டியப்பனுக்கு நல்ல திட்டு விழுந்ததாம். அதைச் சொல்லியும் இரண்டு பேரும் சிரிக்கிறார்கள்.

அதனால்தான் இன்றைக்கு மேலே போகிறேன். நன்றாக யோசித்துப் பார்த்தேன். அப்பா சொல்கிற காரணம் தண்ணீர். காரணத்தை நீக்கிவிட்டால் வந்துதானே ஆகவேண்டும்? ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் ஆண்டியப்பன் எங்கள் ஊருக்கு வந்து மோட்டாரைப் பார்த்துக்கொண்டால் போதும். தெரிந்தவர், அதே வேலை, அப்பாவுக்கு நம்பிக்கை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு இங்கே ஷட்டர் திறக்க வேண்டுமே, அதற்கு என்ன செய்வது என்பது மட்டும் இன்னும் பிடிபடவில்லை. கேட்டுப் பார்க்கிறேன். ‘என்னம்மா சொன்னே உங்கப்பாவை?’ என்று அவர் திருப்பிக் கேட்டால் என்ன சொல்வது என்றும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். இருக்கலாம் என்றுதான் சொன்னேன் என்று சொல்வேன். அதுதானே உண்மை? நீங்கள் ஏன் அக்கா அப்படிப் பார்க்கிறீர்கள்?

அதோ, ஊர் வந்துவிட்டது. உங்கள் வீட்டுக்காரரை எழுப்புங்கள். அருவிக்கு இடதுபக்கம் படி. நான் வலதுபக்கம் மேலே போக வேண்டும். பத்து நாற்பத்து மூன்று. உங்களுக்கு நேரம் இருக்கிறது.

ஒன்று மட்டும் செய்கிறீர்களா அக்கா? பதினோரு மணிக்குத் தண்ணீர் வந்ததும், கொஞ்ச நேரம் கழித்து ஒருமுறை மேலே பாருங்கள். யாராவது கையைத் தூக்கித் தூக்கிக் கேட்டால் பதிலுக்குக் காட்டுங்கள். இப்படி. உள்ளங்கையை நன்றாக விரித்து, அவர்களுக்குத் தெரிகிற மாதிரி உயர்த்தி. கீழே நிற்கிற யாராவது ஒருவர் காட்ட வேண்டும். காட்டும்வரை அவர்கள் அங்கேயே நிற்பார்கள்.